நீலத்தைக் கருக்குதல்: துவர்ப்புச் சாறுகளில் டோனிங்

முந்தைய அத்தியாயத்தில் எடுத்த சயனோடைப் அச்சுகள் இதற்குள் நன்றாகக் காய்ந்திருக்கும். இனி அவற்றின் நீலத்தை மாற்றப் போகிறோம். கமுகந்தோப்பின் நிழலுக்கும் குளத்து நீருக்கும் நீலம் பொருந்தும். வயதானவர் முகத்துக்கும் வெட்டுகல் சுவருக்கும் பல சமயம் பொருந்தாது. அப்படிப்பட்ட படங்கள் கருப்பையோ காப்பி நிறத்தையோ கத்தரிப்பூ நிறத்தையோ கேட்கும். பாறசாலை, நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை வட்டாரத்தில் எந்த ஊரில் இருந்தாலும் இதற்கு வேண்டிய பொருள்களை அரை நாளில் திரட்டிவிடலாம். பாதி தோப்பில் கிடைக்கும், மீதி அங்காடி மருந்துக் கடையில் கிடைக்கும்.

நிறம் மாற்றும் பழக்கம் புகைப்படக் கலை அளவுக்கே பழையது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எனச் சுற்றிக் கோயில்களைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் வெள்ளி உப்பில் அச்சாகித் தங்கக் கரைசலில் டோனிங் பெற்றவை. வெள்ளி நைட்ரேட்டும் தங்கக் குளோரைடும் இன்று விற்கிற விலையில், புதிதாகப் பழகுகிறவர் ஒவ்வொரு தாளையும் பயந்துகொண்டே தொடுவார். பயம் இருக்கும் இடத்தில் சோதனை நடக்காது. அதனால்தான் இந்த நூலில் இரும்பைப் பிடித்துக்கொண்டேன். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த சயனோடைப் முழுக்க இரும்பை நம்பிய முறை. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இம்முறையில் அச்சிட்டு நூலாக வெளியிடத் தொடங்கினார். இரும்பு மலிவு, தாராளமாகக் கெடுத்துப் பழகலாம்.

உங்கள் தாளில் நீலமாகத் தெரிவது பிரஷ்யன் நீலம் என்னும் இரும்புச் சேர்மம். அது பொதுவாகப் புளிப்புக்கு அசையாது, காரம் பட்டால் உடைந்துபோகும். உடையும்போது இரும்பு மட்டும் காகித நாரிலேயே வெளிர் மஞ்சளாகத் தங்கிவிடும். துவர்ப்புச் சாறு அந்த இரும்பைத் தொட்டதும் கருமை பிறக்கிறது. பழைய எழுதுமைகளில் கருமை வந்ததும், தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரித் துணிகளில் கருப்புக் கோடு எழுவதும் இதே வினையால்தான். அங்கே துணியில் முதலில் கடுக்காயை ஏற்றிவிட்டு, துருவும் வெல்லமும் ஊறிய இரும்பு நீரால் மேலே எழுதுகிறார்கள். நமக்கு வரிசை தலைகீழ். இரும்பு ஏற்கெனவே படமாகத் தாளில் இருக்கிறது, கடுக்காய் பிறகு வருகிறது.

ஆகவே சாறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து ஏமாறாதீர்கள். கடுக்காய்ச் சாறு மஞ்சள், அது தருவதோ நீலங்கலந்த கருப்பு. துவர்ப்பில் இரண்டு வகை உண்டு. கடுக்காய், தான்றிக்காய், மாதுளைத் தோல் ஆகியவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் நீலக்கருப்பு வரும். கொட்டைப்பாக்கு, கரிங்காலி, அண்டித்தொலி, தென்னங்கதம்பை ஆகியவற்றின் துவர்ப்பு பச்சை கலந்த கருப்பையோ பழுப்பையோ தரும். இந்த ஒரு பிரிவு மனத்தில் நின்றால் புதிதாக எந்தக் காயை எடுத்தாலும் முடிவைப் பாதியாவது முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

கிணற்று நீர்

சாறுகளுக்குப் போகுமுன் தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். டோனிங்கில் வரும் கறைகளில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்து வருகிறது. பலரும் அதைச் சாற்றின் குற்றம் என்று நினைக்கிறார்கள்.

நம் வட்டாரம் வெட்டுகல் மண். இம்மண்ணில் தோண்டிய கிணறுகளின் நீர் பெரும்பாலும் சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. பிஎச் 7க்குக் கீழே நிற்கும். சயனோடைப் அலசுவதற்கு இது நல்வாய்ப்பு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்புநீர் ஊர்களில் அலச அலச நீலம் வெளிறும். அங்கே அலசும் நீரில் சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்க்கச் சொல்வார்கள். நமக்குப் பெரும்பாலும் அந்தத் தேவை இல்லை.

ஆனால் இதே வெட்டுகல் மண்ணில் இரும்பும் இருக்கிறது. கிணற்று நீரில் இரும்பு கலந்திருந்தால் அது தாள் முழுவதும் படியும். பிறகு கடுக்காய்ச் சாற்றில் போட்டதும் படத்தோடு வெள்ளைப் பகுதியும் சேர்ந்து சாம்பலாகும். இதைக் கண்டுபிடிக்கச் சோதனைச்சாலை வேண்டாம். கடைகளில் கிடைக்கும் சுத்திகரித்த தண்ணீரில் ஒரு கட்டன்சாயா போட்டு இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் பாதிப் பாதி ஊற்றுங்கள். ஒன்றில் அதே தண்ணீரையும் மற்றதில் உங்கள் கிணற்று நீரையும் சம அளவு சேர்த்து, வெள்ளைத்தாள் பின்னணியில் வைத்துப் பாருங்கள். கிணற்று நீர் விட்ட சாயா கருத்துப்போனால் அந்த நீரில் இரும்பு இருக்கிறது. அப்படியானால் முதல் அலசலுக்குக் கிணற்று நீரை வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு அலசலுக்கும் சாறு தயாரிக்கவும் மழைநீரைப் பயன்படுத்துங்கள். இடவப்பாதியும் துலாவர்ஷமும் இரண்டுமே பெய்கிற ஊரில் சுத்தமான மழைநீரைப் பிடித்து மூடிவைப்பது கடினமில்லை. ஓடு நன்றாகக் கழுவப்பட்ட பிறகு விழுகிற நீரைப் பிடியுங்கள். துருப்பிடித்த தகரக் கூரையிலிருந்து மட்டும் பிடிக்காதீர்கள்.

டோனிங்குக்கு ஏற்ற அச்சு

டோனிங்கில் அச்சு எப்போதும் சற்று இழக்கும். ஆகவே நீலமாகவே வைத்துக்கொள்ளப் போகும் அச்சைவிட இதை அடர்த்தியாக எடுக்க வேண்டும். கரைசல் பழைய கணக்குத்தான்: 100 மில்லி நீரில் பச்சை வகை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், இன்னொரு 100 மில்லியில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். இரண்டையும் தனித்தனிக் கருநிறப் புட்டிகளில் வைத்து, பூசும்போது சம அளவு கலக்குங்கள். ஒரு பூச்சுக் காய்ந்த பின் இரண்டாவது பூச்சும் கொடுங்கள். வெயிலில் வைக்கும் நேரத்தை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு ஆக்குங்கள். சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருவது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும். இவற்றில் ஏப்ரலை நம்பலாம். ஆகஸ்ட் வானம் எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தாள் பருத்திக் கூழில் செய்ததாக இருக்கட்டும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் போன்றவை வலுவானவை, பல முறை நனைந்தாலும் தாங்கும். சாதாரண ஓவியத்தாள் இரண்டாவது குளியலிலேயே மேற்பரப்பு கிளம்பி நூலாகிவிடும். நெடுநாள் கெடாமல் இருக்கச் சுண்ணாம்புப் பொடி சேர்த்துச் செய்த தாள்களும் சந்தையில் உண்டு. மற்ற வேலைகளுக்கு அவை நல்லவை. சயனோடைப்புக்கு அந்தக் காரமே பகை. எந்தத் தாளையும் ஒரே ஒரு ஷீட் வாங்கி, பூசி, அலசிப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக வாங்க வேண்டும்.

அலசிய அச்சை உடனே டோனிங்கில் போடாதீர்கள். காற்றில் ஓரிரு நாள் இருந்து நீலம் முழுமை பெறட்டும். மழைக்காலத்தில் இதற்கு இன்னும் பொறுமை வேண்டும். பூசிய தாளோ அலசிய தாளோ ஈரம் உள்ளே நின்றால் பூசணம் பிடிக்கும், பூசிய தாள் வெயில் படாமலேயே மங்கலாக நீலம் பாயும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதும், பூசிய அன்றே வெயிலில் வைத்துவிடுவதும் நல்ல வழிகள்.

வெளுப்பது

வெளுக்காமலே டோனிங் செய்யலாம். நீல அச்சைச் சாற்றில் நேராகப் போட்டால் நீலம் மெல்லக் கருநீலமாகும். மணிக்கணக்கில் ஊற வேண்டியிருக்கும், அதற்குள் தாளின் வெள்ளையும் சாற்றைக் குடித்துவிடும். கடல், இரவு, நிழல் சார்ந்த படங்களுக்கு மட்டும் இந்த வழி சரி.

முழு நிறமாற்றம் வேண்டுமானால் முதலில் நீலத்தை உடைக்க வேண்டும். அதற்கு அலக்குகாரம் போதும். 1956 நவம்பர் 1 அன்று தெற்கே நான்கு தாலுகாக்கள் தமிழ்ப் பக்கம் போனபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் களியக்காவிளையைத் தாண்டினால் கடையில் சலவைச் சோடா என்று கேளுங்கள், இந்தப் பக்கம் அலக்குகாரம் என்று கேளுங்கள். அப்பக்காரம் அல்ல, அது மிகவும் மென்மையானது. வெற்றிலைச் சுண்ணாம்பும் நீலத்தை உடைக்கும், ஆனால் வெள்ளைப் பொடியைத் தாளின் நாருக்குள் விட்டுச் செல்லும். அதைத் தொடாதீர்கள்.

ஒரு லிட்டர் நீருக்கு ஒரு சின்னக் கரண்டி அலக்குகாரம். அதற்கு மேல் வேண்டாம். காய்ந்த அச்சை முதலில் வெறும் நீரில் நனைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். நீலம் ஊதாவாகி, பிறகு மங்கி, கடைசியில் வெளிர் மஞ்சள் படமாக நிற்கும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். இந்தச் சில நிமிடங்களில்தான் இந்த அத்தியாயத்தின் மிக நல்ல வாய்ப்பு இருக்கிறது. மெல்லிய நீலம் முதலில் போகும், அடர்ந்த நீலம் கடைசியில் போகும். பாதியில் எடுத்து அலசிவிட்டால் நிழல்கள் நீலமாகவே நிற்கும், நடுத்தரச் சாயல்கள் மட்டும் சாற்றின் நிறத்தை ஏற்கும். மேகம் பழுப்பாகவும் மலை நீலமாகவும் ஒரே தாளில் வரும். அகத்தியர்கூடம் தொடரை வைத்து இதைச் செய்து பாருங்கள். முழுவதும் மாறிய அச்சைவிடப் பாதி மாறிய அச்சே பெரும்பாலும் அழகு என்பது என் உறுதியான கருத்து.

கரைசலை அடர்த்தியாக்கினால் வேகம் கூடும், கட்டுப்பாடு போய்விடும். நீண்ட நேரம் ஊறினால் படத்தின் மெல்லிய பகுதிகளில் இரும்பும் சேர்ந்து கழன்றுவிடும். பிறகு எந்தச் சாறும் அதை மீட்காது. எடுத்ததும் நீரை மாற்றி மாற்றிப் பத்து நிமிடமாவது அலசுங்கள்.

சாறுகள்

கடுக்காய். முதல் சோதனைக்கு இதைத்தான் எடுக்க வேண்டும். விலை குறைவு, முடிவு உறுதி, வெள்ளையை அதிகம் கெடுக்காது. கொட்டையை நீக்கி, தோல்சதையை மட்டும் ஒன்றிரண்டாக இடித்து, லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் வரை போட்டு இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் அரை மணி நேரம் சிறுதீயில் வைத்து, ஆறவிட்டு, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள். வடிகட்டாத துகள் தாளில் எங்கே உட்காருகிறதோ அங்கே புள்ளி விழும். இரும்புச் சட்டியில் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் பாத்திரத்திலேயே மை உருவாகிவிடும். எவர்சில்வரோ மண்சட்டியோ போதும். வெளுத்த அச்சை இதில் போட்ட ஒரு நிமிடத்துக்குள் படம் எழுந்து வருவதைக் காணலாம். அது ஊதாச் சாம்பலில் தொடங்கிக் கருநீலக் கருப்பில் நிற்கும். இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை விடலாம். பாதி வெளுத்த அச்சில், மிஞ்சிய நீலமும் புதிய கருப்பும் சேர்ந்து ஆழமான நிழல்களைத் தரும். அந்த ஆழம் வெள்ளி அச்சுக்கு மிக அருகில் வருகிறது.

பதிமுகம். நம்மூர் ஓட்டல்களில் குடிக்கத் தரும் இளஞ்சிவப்பு வெந்நீரின் நிறம் இந்த மரச்சிராயிலிருந்து வருவது. இதில் இருப்பது துவர்ப்பைவிடச் சாயம். வெளுத்த அச்சில் தங்கிய இரும்பு அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தில் கத்தரிப்பூவிலிருந்து கருஊதா வரை நிறம் வரும். வேறெந்த உள்ளூர்ப் பொருளும் இந்த ஊதாவைத் தருவதில்லை. இரண்டு கைப்பிடிச் சிராயை ஒரு லிட்டர் நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு அச்சைப் போடுங்கள். பதிமுகச் சாறு புளிப்பில் மஞ்சளாகவும் காரத்தில் கடுஞ்சிவப்பாகவும் மாறும் குணமுடையது. அலக்குகாரத்தைச் சரியாக அலசாத அச்சைப் போட்டால் சாறு கண்முன்னே சிவந்து தாள் முழுவதையும் ரத்தச் சிவப்பாக்கிவிடும். சாறு சிவக்காமல் இருந்தால் உங்கள் அலசல் போதுமானது என்று பொருள். ஆனால் இந்த ஊதா வெளிச்சத்தில் நெடுநாள் நிற்காது. சுவரில் மாட்டப் போகும் படத்துக்குப் பதிமுகத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆல்பத்துக்குள்ளோ புத்தகத்துக்குள்ளோ வைக்கும் படத்துக்கு மனமாரப் பரிந்துரைப்பேன்.

கரிங்காலி. இதுவும் குடிநீர்ச் சிராய்தான், ஆனால் முடிவு வேறு. மண்பழுப்பு வரும், சிறிது பச்சை சாயும். மரம், வைக்கோல், பழைய வீடுகளுக்கு ஏற்றது.

அண்டித்தொலி. முந்திரிப் பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் செந்தோல். எல்லைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டம் சுற்றிலும் உள்ள அண்டியாபீசுகளில் பருப்பை உடைத்துத் தோல் நீக்கும்போது குவிகிற கழிவு இது. தோல் பதனிடவும் பயன்படும் அளவுக்குத் துவர்ப்பு உள்ளது. தரும் நிறம் கனத்த, சூடான பழுப்பு. எனக்கு இந்தப் பகுதியின் முகங்களுக்கு இதைவிடப் பொருந்தும் நிறம் கிடைத்ததில்லை. அண்டியாபீசுப் பெண்களின் படங்களை அவர்கள் உரித்த தொலியிலேயே டோனிங் செய்கிற ஒரு தொடரை யாராவது எடுக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். ஒரு எச்சரிக்கை: ஓட்டின் எண்ணெய் தொலியில் ஒட்டியிருக்கலாம், கை பொள்ளும். கையுறை போட்டே கையாளுங்கள். காய்ச்சுவதை வெளியில், காற்றோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னங்கதம்பை பச்சையாக இருக்கும்போது நறுக்கி ஊறவைத்தால் மென்பழுப்புத் தரும். காய்ந்த கதம்பையில் சாறு குறைவு. கொட்டைப்பாக்கு இடித்துப் போட்டால் செம்பழுப்பு வரும், தாளையும் நன்றாகக் கறையாக்கும். கட்டன்சாயாவும் காப்பியும் உலகெங்கும் எல்லோரும் செய்வது. சாயா ஊதா கலந்த கருப்பையும் காப்பி மந்தமான கருநீலத்தையும் தரும். இரண்டிலும் பாலும் சர்க்கரையும் கூடாது என்பதைத் தவிரச் சொல்ல அதிகமில்லை.

சோதனைத் துண்டுகள்

நல்ல அச்சை நேராகச் சாற்றில் இறக்காதீர்கள். ஒரே தாளில், ஒரே நாளில், ஒரே வெயிலில் எடுத்த ஒரு அச்சை விரலகலத் துண்டுகளாக வெட்டி வையுங்கள். ஒவ்வொன்றிலும் அடர்நிழல், நடுச்சாயல், வெள்ளை மூன்றும் இருக்க வேண்டும். ஒரு துண்டைத் தொடாமல் நீலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: வெளுத்த நேரம், அல்லது சாறு, அல்லது ஊறிய நேரம். பின்புறம் மென்பென்சிலால் எழுதுங்கள். பேனா மை குளியலில் கரையும், சில மைகள் இரும்போடு சேர்ந்து தாமே நிறம் மாறும். முடிவை ஈரத்தில் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. காய்ந்ததும் எல்லா நிறமும் ஒரு படி இருளும்.

துண்டுகளை ஒப்பிடும்போது முதலில் கருப்பைப் பார்க்காதீர்கள், வெள்ளையைப் பாருங்கள். கருப்பு எந்தச் சாற்றிலும் வந்துவிடும். வெள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு கருப்பைக் கொடுத்த துண்டுதான் வென்றது.

பாதுகாப்பு

பொட்டாசியம் ஃபெரிசயனைடைக் கவனத்தோடு கையாண்டால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதைச் சூடாக்கவோ கடும் அமிலத்தோடு சேர்க்கவோ கூடாது, நச்சுவாயு கிளம்பும். சமையலுக்குப் பயன்படும் பாத்திரம், கரண்டி, வடிகட்டி எதையும் இதற்கு எடுக்காதீர்கள், எடுத்ததைத் திருப்பி அடுக்களைக்குக் கொண்டுபோகாதீர்கள். கடுக்காயும் பதிமுகமும் குடிக்கும் பொருள்கள் என்பதால் குழந்தைகள் சாற்றைத் தொட்டுப் பார்க்கக்கூடும். புட்டிகளில் பெரிதாக எழுதி உயரத்தில் வையுங்கள். கழிவு நீரை நிறைய நீர் விட்டு நீர்த்து, கிணற்றிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள்.

வெள்ளை கறையாகிவிட்டால்

அளவு மீறி ஊறிய அச்சில் வெள்ளைப் பகுதி சாம்பலாகவோ பழுப்பாகவோ நின்றுவிடும். தூக்கி எறிய வேண்டாம். ஆக்சாலிக் அமிலம் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறையைக் கரைக்கும், அந்த அமிலம் இயற்கையாகவே இலும்பன்புளியில் இருக்கிறது. துருக்கறையையும் வாழைக்கறையையும் இதே காயால் தேய்த்துப் போக்குகிற வீடுகள் நம் ஊரில் இன்னும் உண்டு. நாலைந்து காயை இடித்துப் பிழிந்து, வடிகட்டி, சாற்றைப் போல் ஐந்து மடங்கு நீர் விடுங்கள். நனைந்த அச்சை அதில் போட்டு ஆட்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை தெளியத் தொடங்கியதும் எடுத்து அலசுங்கள். காத்திருந்தால் நிழல்களும் கரையும்.

முழுவதும் வெளுத்து டோனிங் செய்த அச்சுக்கே இந்த வழி பொருந்தும். பாதி நீலம் மிஞ்சிய அச்சில் கூடுதல் கவனம் வேண்டும். ஆக்சாலிக் அமிலம் பிரஷ்யன் நீலத்தையும் நீரில் கலையச் செய்யும். 19ஆம் நூற்றாண்டில் நீல எழுதுமை ஒன்றையே அப்படித்தான் தயாரித்தார்கள். அந்த அச்சை முழுவதுமாக முக்காமல், பஞ்சால் கறை உள்ள இடத்தை மட்டும் ஒற்றி, உடனே ஓடும் நீரில் காட்டுங்கள். பிறகு வழக்கம்போல் அலசி, நிழலில் கொடியில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். ஈரம் முழுவதும் போனதும் சுண்ணாம்புச் சத்து இல்லாத அட்டைகளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் தாளின் சுருக்கம் இரண்டு நாளில் நீங்கிவிடும்.